விசில் ஊதிய பிறகு கோச் என்ன செய்வார்?

(இளைஞர் தன்னார்வக் குழுக்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவர்களுக்காக நடந்த ஒருநாள் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாடு முடிந்த நேரம். இந்த நேரத்தில் மைக்கைப் பிடிப்பவர் மேல் எனக்கே இரக்கம் வரும். அதனால் ‘தலைமைப் பண்புகள் பத்து’ என்று பட்டியல் போட்டு உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. ஒரு கால்பந்து அணியின் கதையைச் சொல்றேன். முடிக்கும்போது உங்க குழுவுக்கு எடுத்துட்டுப் போக நாலைந்து விஷயங்கள் கையில் இருக்கும்.

முதலில் ஒரு கேள்வி. கால்பந்து ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் எங்கே நிற்கிறார்? கோட்டுக்கு வெளியே. பந்தைத் தொட அவருக்கு உரிமை இல்லை. கத்தலாம், கையை ஆட்டலாம். ஆனால் பல்லாயிரம் பேர் கூச்சல் போடும் மைதானத்தில் அவர் கத்துவது அந்தப் பக்கம் ஓடுகிற வீரருக்குக் கேட்கவா போகுது? அப்புறம் ஏன் ஒரு அணி ஜெயித்தால் கோச்சையும் சேர்த்துப் பாராட்டுறோம்?

காரணம் இதுதான். அவருடைய வேலையில் பெரும்பகுதி விசில் ஊதுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. விசில் ஊதிய பிறகு முடிவெடுக்க வேண்டியவர்கள் உள்ளே இருக்கும் பதினொரு பேர். தான் பக்கத்தில் இல்லாதபோதும் அவர்கள் சரியாக முடிவெடுக்கும்படி அவர்களைத் தயார் செய்வதுதான் கோச்சின் வேலை.

உங்க நிலைமையும் இதேதான், யோசிச்சுப் பாருங்க. மழை கொட்டுகிற இரவில் எட்டுத் தெருவிலும் நீங்க ஒருத்தரே நிற்க முடியாது. முகாம் நடக்கும் அன்று ஒவ்வொரு மேஜைக்கும் ஓட முடியாது. அங்கே நிற்கிற உங்க உறுப்பினர்தான் அந்த நிமிஷத்தில் முடிவெடுக்கணும். அவரை நீங்க எப்படித் தயார் பண்ணி வெச்சிருக்கீங்க என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு பள்ளி ஆசிரியர்

கதையின் நாயகர் சையத் அப்துல் ரஹீம். 2024-ல் அஜய் தேவ்கன் நடித்து, ஏ.ஆர்.ரகுமான் இசையில் ‘மைதான்’ என்ற இந்திப் படம் வந்ததே, அது இவரைப் பற்றியதுதான். படம் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். ஆனால் சினிமாவை ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததை மட்டும் பார்ப்போம்.

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். இன்றைய கோச்சுகளைப் போல வெளிநாட்டுக் கிளப்புகளில் ஆடிப் பெயர் வாங்கிவிட்டு வந்தவர் இல்லை. வகுப்பறையிலிருந்து மைதானத்துக்கு வந்தவர். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அந்தக் காலத்தில் நாட்டின் பெரிய போட்டிகளில் அது ஒன்று. ஒரு தடவை ஜெயித்தால் அதிர்ஷ்டம்னு சொல்லலாம். ஐந்து தடவையை அப்படிச் சொல்ல முடியுமா?

அதே காலத்தில் இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. ஆரம்பமே அமர்க்களம். ஆனால் அவரிடமிருந்து நாம் முதலில் கற்க வேண்டிய பாடம் இந்த வெற்றியில் இல்லை. அடுத்த வருஷம் வாங்கிய அடியில் இருக்கிறது.

10-1: ஆளைத் தேடாதே, காரணத்தைத் தேடு

1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். பின்லாந்து நாட்டுக் குளிர். எதிரில் யூகோஸ்லாவியா, அப்போது ஐரோப்பாவின் பலமான அணிகளில் ஒன்று. நம் வீரர்களில் பலர் ஷூ போடாமல் வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். முடிவு என்ன தெரியுமா? 10-1. பத்து கோல் வாங்கினோம்.

இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு நம் ஊரில் என்ன நடக்கும்? “யாரால தோத்தோம்?” என்று ஒரு ஆளைத் தேடுவோம். கோல்கீப்பர் மேல் பழி போடுவோம், இல்லேன்னா கோச்சை மாத்துவோம். ஆள் கிடைத்துவிட்டால் மனசு ஆறிவிடும், ஆனால் காரணம் அங்கேயே இருக்கும்.

ஹெல்சிங்கிக்குப் பிறகு நடந்தது வேறு. ஷூ போட்டுத்தான் ஆட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கட்டாயமாக்கியது. கேட்க எளிமையாகத் தெரியும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் வெறுங்காலில் பந்து உதைத்தவருக்கு ஷூ போட்டால் காலே தன்னுடையது மாதிரி இருக்காது. பந்து தட்டுப்படும் உணர்வே மாறிவிடும். பழையபடி கற்க வேண்டும். ஐரோப்பிய அணிகள் எப்படி நின்று ஆடுகின்றன, யார் முன்னே போகிறார், யார் பின்னே இறங்குகிறார் என்பதையெல்லாம் ரஹீம் உன்னிப்பாகப் பார்த்து, தன் அணியின் ஆட்டமுறையையும் மாற்றினார்.

நாலு வருஷம் கழித்து 1956, மெல்போர்ன் ஒலிம்பிக். உள்ளூர் அணியான ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். அந்த ஆட்டத்தில் நெவில் டிசௌசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் ஹாட்ரிக் அடித்தது அதுதான் முதல் முறை. அரையிறுதியில் திரும்பவும் யூகோஸ்லாவியா. அன்றும் தோற்றோம், ஆனால் 4-1. நாலாம் இடம் பிடித்தோம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இன்றுவரை அதற்கு மேல் போனதில்லை.

10-1 எங்கே, 4-1 எங்கே. அந்த வித்தியாசம் காரணத்தைத் தேடியதால் வந்தது.

உங்க குழுவுக்கு வருவோம். ரத்த தான முகாம் போட்டோம், நாற்பது பேர் வருவாங்கன்னு நினைச்சோம், எட்டுப் பேர்தான் வந்தாங்க என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவு வாட்ஸ்ஆப் குழுவில் “யார் நோட்டீஸ் ஒட்டல?” என்று கேள்வி வரும். அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்க. நாள் சரியா? தகவல் போய்ச் சேர்ந்ததா? இடம் எல்லாருக்கும் தெரிந்த இடமா? தேர்வு நடக்கிற வாரத்தில் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தால், நோட்டீஸ் ஒட்டினவரைத் திட்டி என்ன பயன்?

பழகாத காலுக்கும் ஒரு போட்டி

ரஹீம் ஹைதராபாத்தில் நடத்திய ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் விநோதமான போட்டிகள் நடத்துவார். ஒரு போட்டியில் பழகாத காலால் மட்டும்தான் பந்தை உதைக்கலாம். வலது கால் பழக்கம் உள்ளவர் இடது காலால் ஆட வேண்டும். இன்னொரு போட்டியில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

முதலாவது போட்டி எதுக்கு? ஒரு காலை மட்டும் நம்புகிற வீரரை எதிரணி ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தை அடைத்துவிடும். இரண்டு காலும் பழகியவரை அடைப்பது கஷ்டம்.

இரண்டாவது எதுக்கு? திறமையான ஆளுக்குப் பந்து கிடைத்தால் தானே கொண்டுபோக ஆசை வரும். நாலு பேரை ஏமாற்றி ஓடினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஐந்தாவது ஆள் பந்தைப் பறித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பந்தைக் கொடுக்கும் பழக்கம் தானாக வராது. வேறு வழியே இல்லை என்கிற விதியை வைத்துத்தான் அதைப் பழக்க முடியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. “ஒற்றுமையா ஆடுங்க” என்று உபதேசம் செய்வதோடு அவர் நிற்கவில்லை. ஒற்றுமையாக ஆடியே தீர வேண்டிய மாதிரி பயிற்சியையே வடிவமைத்தார். வாத்தியார் இல்லையா? பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதைவிட, பயிற்சிக் கணக்கு கொடுத்துச் செய்ய வைப்பதுதான் நிற்கும் என்று தெரிந்தவர்.

சுய உதவிக் குழுவில் இருக்கிற அக்காக்களுக்கு இது உடனே புரியும். ஊக்குநர் ஒருத்தர்தான் வங்கிக்குப் போவார், அவர்தான் தீர்மானப் புத்தகம் எழுதுவார், அவர்தான் அதிகாரியிடம் பேசுவார். மற்ற பதினோரு பேரும் கையெழுத்து மட்டும் போடுவாங்க. அந்த ஊக்குநர் மகளுக்குப் பிரசவம் பார்க்க வெளியூர் போனால்? குழுவே ஒரு மாசம் படுத்துக்கும்.

மாசத்துக்கு ஒரு கூட்டத்தைப் ‘பழகாத கால்’ கூட்டமாக வைத்துப் பாருங்க. எப்போதும் பேசுபவர் அன்றைக்கு எழுதட்டும். எழுதுபவர் பேசட்டும். வங்கிக்கே போகாதவர் ஒருவரைத் துணையோடு வங்கிக்கு அனுப்புங்க. முதல் தடவை தடுமாறுவார்கள், பரவாயில்லை. தடுமாறுவதற்குத்தானே பயிற்சி ஆட்டம்?

மகன் இருந்தும் ஆடவில்லை

ஒரு சின்னச் செய்தி. 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் ரஹீமின் மகன் சையத் ஷாகித் ஹக்கீமும் இருந்தார். கோச் அப்பா. இந்தியா ரோமில் மூன்று ஆட்டங்கள் ஆடியது. ஹங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்றது, பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது, பெருவிடம் 3-1 என்று தோற்றது. மூன்றில் ஒன்றில்கூட மகன் களமிறங்கவில்லை.

அந்த வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கதை கட்டப் போவதில்லை. ஆனால் மற்ற வீரர்களின் இடத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க. கோச்சின் மகனே வெளியே உட்கார்ந்திருக்கும்போது, “என்னை ஏன் எடுக்கல?” என்று கேட்க வாய் வருமா? தேர்வு நியாயமானது என்ற நம்பிக்கை அணிக்குள் இருந்தால், பாதிச் சண்டை பிறக்கவே பிறக்காது.

நம்ம குழுக்களில் பொறுப்பு யாருக்குப் போகிறது? சொந்தக்காரருக்கா, கூடப் படித்தவருக்கா, வேலையைச் செய்பவருக்கா? நாம சொல்லாவிட்டாலும் எல்லாரும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

ஜகார்த்தா, 1962

இப்போ கதையின் உச்சத்துக்கு வர்றோம். 1962-ல் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியில் வங்காளம், ஹைதராபாத், பஞ்சாப், கேரளம், கோவா என்று பல பகுதி ஆட்கள். சுனி கோஸ்வாமி கேப்டன். கூடவே பி.கே.பானர்ஜி, துளசிதாஸ் பலராம். ஒருவருக்கு வங்காளி, ஒருவருக்கு தெலுங்கு, ஒருவருக்கு பஞ்சாபி, ஒருவருக்கு மலையாளம். ரஹீமின் உடம்பிலோ புற்றுநோய்.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் தற்காப்பின் தூணாக இருந்த ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அடுத்து ஜப்பானை 2-0 என்று தாண்டினோம். அரையிறுதியில் தென் வியட்நாம்.

இப்போ நீங்கதான் கோச். உங்க சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்குத் தலையில் தையல். என்ன செய்வீங்க? பெரும்பாலும், “நீ ரெஸ்ட் எடுப்பா” என்று உட்கார வைத்துவிடுவோம். ரஹீம் ஜர்னைலை எதிரணிக் கோலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அதாவது, கோல் விழாமல் தடுக்கிற ஆளை கோல் போடுகிற சென்டர் ஃபார்வர்டாக மாற்றினார். தலைக் காயத்தோடு ஆட வைப்பதை இன்றைய மருத்துவ விதிகள் ஏற்காது, ஏற்கவும் கூடாது. அந்த ஒன்றை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம். பார்க்க வேண்டியது அவர் ஆளை எடைபோட்ட விதம். ஜர்னைலை ஒரு பதவிப் பெயராக அவர் பார்க்கவில்லை. உயரம், உடல் வலிமை, பயமில்லாத குணம், எதிரணிக்குப் புது முகம் என்று அவரிடம் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தார். அரையிறுதியில் 3-2 என்று ஜெயித்தோம். ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

இறுதி ஆட்டத்தில் மறுபடியும் தென்கொரியா. இங்கே இன்னொரு கடினமான முடிவு. அரையிறுதியில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். இறுதிக்கு அவரை உட்கார வைத்துவிட்டு, பீட்டர் தங்கராஜை இறக்கினார் ரஹீம். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கி ஆடுபவர்கள். தங்கராஜ் ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர்.

தங்கராஜுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக ஆடியவர் அவர். அந்த ராணுவ அணி 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பையை வென்றது. நீலகிரிப் பக்கம் இருந்து வந்திருப்பவர்கள் இதை ஊருக்குப் போய்ப் பெருமையாகச் சொல்லலாம்.

நேற்றுவரை நன்றாகச் செய்தவரிடம் “நாளைக்கு நீ இல்லை” என்று சொல்வது எந்தத் தலைவருக்கும் சங்கடம்தான். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து நாம் பொறுப்புகளை மாற்றாமலே விட்டுவிடுகிறோம். ஒரு யோசனை சொல்றேன். மாற்ற வேண்டியிருந்தால் குழுவில் மெசேஜ் போடுவதற்கு முன்னால் அவரை நேரில் பாருங்க. காரணத்தைச் சொல்லுங்க. “நீங்க சரியில்ல” என்பதற்கும் “இந்த வேலைக்கு இவர் பொருத்தம்” என்பதற்கும் பெரிய தூரம் இருக்கு. நேரில் சொன்னால் வருத்தப்படுவார். குழுவில் படித்துத் தெரிந்துகொண்டால் விலகியே போய்விடுவார்.

ஒரு லட்சம் பேரின் கூச்சல்

இறுதி ஆட்டம் நடந்தது 1962 செப்டம்பர் 4. மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகக் கத்தினார்கள்.

ஏன் இவ்வளவு கோபம்? அந்தப் போட்டிக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா வரவிடவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளை உருவாக்கியவர்களில் ஒருவரான இந்தியப் பிரதிநிதி ஜி.டி.சோந்தி இதை எதிர்த்தார். உறுப்பு நாடுகளை விலக்கி நடத்தினால் இதற்கு ‘ஆசிய விளையாட்டுப் போட்டி’ என்ற பெயர் பொருந்தாது என்றார். ஊரே கொதித்தது. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் இந்தியத் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது.

அந்தச் சர்ச்சையில் கால்பந்து வீரர்களுக்கு ஒரு பங்கும் இல்லை. ஆனால் கூச்சல் அவர்கள் மேல்தான் விழுந்தது. வெளியே நடப்பதை அவர்களால் மாற்ற முடியாது. உள்ளே தங்கள் ஆட்டத்தை மட்டும் ஆட முடியும். இறுதி ஆட்டத்துக்கு முன்பு ரஹீம் வீரர்களிடம் தனக்கு ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டதாகவும், அது அந்தத் தங்கம்தான் என்றதாகவும் அந்த அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

17-ஆவது நிமிஷத்தில் பி.கே.பானர்ஜி கோல். 20-ஆவது நிமிஷத்தில் இன்னொரு கோல். போட்டது யார்? ஜர்னைல் சிங். கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. ஆனால் அதற்கு மேல் விடவில்லை. 2-1. தங்கம்.

பத்து நாளுக்குள் அதே கொரியாவிடம் 2-0 என்று தோற்ற அணிதான் இது. அன்றைய கூச்சலில் கோச்சின் குரல் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. கேட்கவும் தேவைப்படவில்லை.

பொது வேலை செய்பவர்களுக்கும் இந்தக் கூச்சல் பழக்கம்தான். சாக்கடை அடைப்புக்குப் புகார் கொடுத்து, ஆள் வரவழைத்து, நின்று வேலை வாங்கியது உங்க குழு. ஆனால் “இவங்களுக்கு வேற வேலை இல்ல” என்று ஒரு குரல் வரும், பேஸ்புக்கில் பத்துக் கமெண்ட் வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத உட்கார்ந்தால் வேலை நின்றுவிடும். புகார் கொடுத்த தேதி, ஒப்புகை எண், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம், இவ்வளவையும் ஒரு பதிவாகப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்க.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு?

இங்கே முடித்திருந்தால் நல்ல சினிமா. ஆனால் எனக்கு முக்கியமாகப்படுவது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

அந்த வெற்றிக்குப் பின் ஒன்பதே மாதம். 1963 ஜூனில் ரஹீம் காலமானார். அப்போது அவருக்கு 53 வயது.

அவர் வளர்த்த வீரர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1964-ல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கால்பந்தில் இந்தியாவுக்கு ஒரு பதக்கம்கூட வரவில்லை. 1962-ல் வாங்கிய தங்கம்தான் கடைசித் தங்கம்.

இதை ஒருவர் மறைவோடு மட்டும் முடிச்சுப் போட முடியாது. மற்ற ஆசிய நாடுகள் வேகமாக முன்னேறின. பணம், மைதானம், சிறுவர் பயிற்சி, தொழில்முறைப் போட்டிகள் என்று காரணங்கள் நிறைய. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கு. பழகாத கால் போட்டி, தட்டி ஓடாத போட்டி, ஆளை இடம் மாற்றிப் பார்க்கும் துணிச்சல், இதெல்லாம் ஹைதராபாத்தில் ஒரு மனிதரோடு நின்றுவிடாமல் நாடு முழுவதும் பயிற்சிமுறையாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ரஹீம் தன் பங்கைச் செய்துவிட்டுப் போனார் என்றுதான் சொல்லணும். அவரிடம் ஆடிய பி.கே.பானர்ஜி பின்னாளில் நாடறிந்த பயிற்சியாளர் ஆனார். வேறு சிலரும் பயிற்சித் துறைக்கு வந்தார்கள். அவர் ஆட்களை உருவாக்கினார். அவருக்குத் தெரிந்ததை எல்லா ஊருக்கும் கொண்டுபோகும் ஏற்பாடு மட்டும் அந்த அளவுக்கு வளரவில்லை. ஒரு தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்குத் தெரிந்தது அவர் தலைக்குள் மட்டும் இருந்தால் அது அவரோடு போய்விடும். அதைப் பத்துப் பேர் கைக்கு மாற்றுவது தலைவரின் வேலை மட்டுமில்லை, குழுவின் வேலையும்கூட.

உங்க போனிலிருந்து தொடங்குங்க

எல்லார் கையிலும் போன் இருக்கு. அதனால் நம்ம போனிலிருந்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். உங்க சங்கத்தின் எல்லா ஆன்லைன் புகாரும் ஒரே ஒருவரின் கணக்கிலிருந்து போகிறதா? ஓடிபி அவர் எண்ணுக்கு மட்டும்தான் வருமா? ஒப்புகை எண்கள் அவர் போனில் ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் இருக்கா? அந்தப் போன் தொலைந்தால் உங்க சங்கத்தின் மூன்று வருஷ வேலையும் சேர்ந்தே தொலைந்துவிடும்.

இதற்காக ஓடிபியை எல்லாரிடமும் சொல்லச் சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது, அது வேறு விஷயம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

ஒவ்வொரு உறுப்பினரும் தன் சொந்த எண்ணில் தனக்கென ஒரு கணக்கு தொடங்கட்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வழிகாட்ட, ஒரு தடவையாவது தானே ஒரு மனுவோ புகாரோ பதிவு செய்யட்டும். தட்டச்சு மெதுவாகத்தான் வரும். போனை வாங்கி நீங்களே அடித்துக் கொடுத்துவிடாதீங்க. கோட்டுக்கு வெளியே நில்லுங்க.

ஒப்புகை எண், தேதி, எந்த அலுவலகம், என்ன பதில் வந்தது என்ற நாலு விவரத்தையும் ஒரு பொது நோட்டிலோ, எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு கோப்பிலோ எழுதி வையுங்க. புதிதாகச் சேர்பவர் அதைப் புரட்டினாலே வேலை புரிய வேண்டும்.

முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், தெருவிளக்கு, குடிநீர் என்று அடிக்கடி வரும் வேலைகளுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்க. எழுதுவது தலைவராக இருக்க வேண்டாம். போன வாரம் அந்த வேலையை முதன்முதலாகச் செய்தவரை எழுதச் சொல்லுங்க. எங்கே தடுமாற்றம் வரும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதக் கூட்டத்துக்கு நீங்க போகாதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். வீட்டிலேயே இருங்க, போனையும் எடுக்காதீங்க. மறுநாள் தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் பாருங்க. கூட்டம் நடந்திருந்தால், முடிவு எடுத்திருந்தால், அந்த முடிவு நீங்க எடுத்திருப்பதிலிருந்து கொஞ்சம் மாறியிருந்தாலும் சரி, நீங்க நல்ல கோச். “நீங்க வரல, அதனால தள்ளி வெச்சிட்டோம்” என்று பதில் வந்தால் வருத்தப்பட வேண்டாம். எந்தக் காலைப் பழக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அங்கிருந்து தொடங்குங்க.